லோரியில் பிறந்த பவர் ஸ்டீயரிங்

போர்ட் கிள்ளான் துறைமுகச் சாலையில் கொள்கலன் லோரிகள் வளைவதைப் பார்த்திருப்பீர்கள். பவர் ஸ்டீயரிங் பிறந்ததே லோரியால்தான். பியர்ஸ்-ஏரோ நிறுவன லோரிப் பிரிவின் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், கனத்த வண்டியைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைக் கண்டவர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கருவியை 1926-இல் ஓட்டியே காட்டினார். செலவு அதிகமென்று ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. போரில் இராணுவ வண்டிகளுக்குப் போனது. விற்பனைக் காடிக்கு 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்தான் வந்தது. மாணவர்களே, இவ்விரு ஆண்டுகளையும் குழப்பிவிடாதீர்கள்.

நம் மைவியில் இருப்பது மின்சார வகை. அதற்கு எண்ணெய் கிடையாது. பழைய காடியைத் திருப்பும்போது முனகினால், எண்ணெய் குறைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம். போமனிடம் காட்டுங்கள். ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். இரு கையாலும் அழுத்தித் திருப்பி ஓரங்கட்டுங்கள்; நிற்கும்வரை சாவியை மட்டும் உருவாதீர்கள், பூட்டிக்கொள்ளும்.