காலிமுகத் தாழ்வாரத்தில் மாலைத் தேநீர்

கொழும்பு நகரின் காலிமுகத்திடல் தெற்கே முடியும் இடத்தில், கடலைப் பார்த்து நிற்கிறது கோல்பேஸ் ஹோட்டல். பிற்பகல் மூன்று மணி கழிந்ததும் அதன் நீண்ட தாழ்வாரத்தில் மேசைகள் நிறையத் தொடங்கும். பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வதுண்டு. மூன்றடுக்குத் தட்டம் வரும்: அடியில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், உச்சியில் கேக். பிள்ளைகளின் கை உச்சியை நாடும். பெரியோரின் கண் அதைத் தடுக்கும். கதிரவன் கடலில் இறங்கும்வரை பேச்சும் தேநீரும் தொடரும். குடும்பம் ஒன்று தன்னைத்தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும் வேளை அது.

இவ்வழக்கத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1840ஆம் ஆண்டையொட்டி, பெட்போர்டு சீமாட்டி அன்னா, நண்பகல் உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடைப்பட்ட பசியைத் தணிக்கத் தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்ததே இதன் தொடக்கம் என்பர். பிரபுக்களின் கூடத்தில் பிறந்த இவ்வழக்கம் பின்னர்ப் பெரிய ஹோட்டல்களுக்கும், அவற்றின் வழியே குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. கீழை நாட்டு ஹோட்டல்கள் இதனை 'ஹை டீ' என்று அழைப்பதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. இங்கிலாந்தில் அப்பெயர் சீமாட்டிகளின் தேநீரைக் குறித்ததன்று. வேலை முடிந்து வீடு திரும்பிய உழைப்பாளர், உயர்ந்த உணவு மேசையில் அமர்ந்து உண்ட அந்தி உணவைக் குறித்தது. உழைப்பாளியின் உணவுப் பெயர் அலங்காரத் தாழ்வாரத்துக்கு இடம் மாறியது. உழைப்பாளிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஹோட்டல் திறக்கப்பட்டது 1864இல். அன்று இலங்கை மலைகளில் தேயிலைத் தோட்டத் தொழில் இல்லை. அது காப்பியின் காலம். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. 1873இல் லண்டனுக்கு அனுப்பப்பட்ட இலங்கைத் தேயிலையின் நிறை 23 இறாத்தல் மட்டுமே. ஆக, இன்று தேநீரின் இல்லம்போல் விளங்கும் அந்த ஹோட்டல், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு மூத்தது.

காப்பி பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் மிகுதியான ஆட்களை வேண்டியது. தமிழகத்திலிருந்து பெரும்பாலும் ஆடவரே வந்து, பருவம் முடிந்ததும் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. சில நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து கொய்தே ஆகவேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. பெண் வந்தாள், குடும்பம் வந்தது, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடி நிலைத்தது. தாழ்வாரத்தில் குடும்பத்தைக் கூட்டிய அதே தேயிலைதான் மலையிலும் குடும்பத்தைக் கூட்டியது. ஆனால் தாய் கூடையுடன் மலையேறும்போது குழந்தை பிள்ளைக்காம்பராவில் விடப்பட்டது. கடலோரத்தில் கோப்பைகள் நிறையும் மாலை வேளை, மலையில் கொழுந்து நிறுக்கும் வேளை.

ஹோட்டலுக்கு அருகே, திடலில் ஒரு கல் உள்ளது. கவர்னர் சர் ஹென்றி வார்டு 1856இல் தொடங்கி 1859இல் முடித்த காலிமுக நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகள், சிறுவர்கள் நலன் கருதித் தமக்குப் பின் வருவோர் பேணவேண்டும் என்று அக்கல் வேண்டுகிறது. அதே ஆண்டுகளில் வேறொரு நடையும் நடந்துகொண்டிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழர், காடு கடந்து மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியில் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டனர். அவர்தம் பெண்டிர் நலனுக்கோ பிள்ளைகள் நலனுக்கோ எக்கல்லும் நாட்டப்படவில்லை. வார்டு பின்னர்ச் சென்னை மாகாணக் கவர்னராகி, 1860 ஆகஸ்டில் அங்கேயே வாந்திபேதிக்கு இரையானார். நோய் இரு நடைகளையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை; நினைவுக் கல் வேறுபடுத்தியது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் ஹோட்டலுக்கு நூறு வயது நிறைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. அண்ணன் ஒரு கரையில், தங்கை மறு கரையில் என்றாயிற்று. திரும்பி வந்தோரிற் பலர் நீலகிரியில், 1968 முதல் அவர்களுக்கென அமைந்த அரசுத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே கிள்ளினர். கூட்டுவதற்குத் தேயிலை எடுத்துக்கொண்ட காலம் ஒரு நூற்றாண்டு. பிரிப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாயிற்று.

இதனை எழுத்தில் நிறுத்தியோருள் முதல்வராக எண்ணத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தவர் அவர். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி உலகுக்கு உரைத்தார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டித் தமிழுக்கு அளித்தார். நடைவழியும் தாலாட்டும் ஒப்பாரியும் கல்லில் ஏறாதபோது பாடலில் ஏறின என்பதை அவர் அறிந்திருந்தார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டில், அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் சென்ற வழியே மீண்டும் நடந்தனர். காலிமுக நடைபாதையில் இன்றும் குடும்பங்கள் உலவுகின்றன. தாழ்வாரத்தில் தேநீர் ஊற்றப்படுகிறது. அவ்வின்பம் பழிக்கத்தக்கதன்று, குடும்பம் கூடியிருந்து பருகும் ஒரு கோப்பைக்கு ஈடான இன்பம் உலகில் அதிகமில்லை. அக்கோப்பையை நிரப்பிய கைகளுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை நினைவிற் கொள்ளும்போதே அவ்வின்பம் முழுமை பெறும். கல் சொல்லாது விட்டதைச் சொல்லும் கடமை கவிஞருக்கு உரியது.