17.19 குறைந்து 18.09 கூடிய நாடு: மைசூர்க் கணக்கெடுப்புகள் குறித்துச் சில சொற்கள்

1872-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் முதல் இந்தியக் கணக்கெடுப்பில் கிட்டிய மக்கள்தொகை 20.62 கோடி. 1881-இல் அது 25.39 கோடி. இவ்விரு எண்களையும் விரிதாளின் இரு கட்டங்களில் இட்டு, புதியதிலிருந்து பழையதைக் கழித்து, வந்ததைப் பழையதால் வகுத்துப் பாருங்கள். 23 விழுக்காட்டுக்குச் சற்று மேலான உயர்வு என்று விடை வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பெரும்பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடியது இந்த இடைவெளியில்தான்.

இம்முரணுக்கான விடை பின்னாளைய கணக்கெடுப்பு அறிக்கைகளிலேயே இருக்கிறது. கூடியதாகத் தோன்றும் 4.8 கோடியில் 3.3 கோடி, முன்பு எண்ணப்படாத பகுதிகள் புதிதாகச் சேர்ந்ததால் வந்தது. ஐதராபாத்தும் இராசபுதனமும் 1872 கணக்கில் இல்லை. மேலும் 1.2 கோடி, எண்ணும் முறை செம்மையுற்றதால் வந்தது. 1872 கணக்கெடுப்பு பல மாகாணங்களில் பல ஆண்டுகளில் நடந்தவற்றின் தொகுப்பு. 1881-இலோ பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதும் ஒருசேர எண்ணினர். எஞ்சிய 30 இலட்சமே உண்மையான பெருக்கம், அதாவது 1.5 விழுக்காடு. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கின்றனவா என்பதை விரிதாள் கேட்பதில்லை. அக்கேள்வி நம்முடையது.

எல்லை பெரிதும் மாறாத ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டால் சிக்கல் நீங்குமா? மைசூரைப் பார்ப்போம். 1831 முதல் ஆங்கில ஆணையர்களின் ஆட்சியில் இருந்த அந்த அரசில் 1871-இல் 50,55,412 பேர் எண்ணப்பட்டனர். 1881-இல் இருந்தவர்கள் 41,86,188 பேர். குறைவு 8,69,224. பழைய எண்ணால் வகுத்தால் 17.19 விழுக்காடு. இந்த எண்ணும் பஞ்சத்தைக் குறைத்தே காட்டுகிறது என்பது என் கருத்து. 1871-க்கும் மழை பொய்த்த 1876-க்கும் இடையில் மக்கள்தொகை ஓரளவேனும் வளர்ந்திருக்கும். எனவே பஞ்சம் தொடங்கியபோது இருந்தவர் தொகை 50.55 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். நம் அடித்தளமோ 1871-இலேயே நின்றுவிடுகிறது. மறுபுறம், குறைந்தவர் அனைவரும் மாண்டவர் அல்லர். பிழைப்புத் தேடி வெளியேறியவர்களும், பஞ்ச காலத்தில் பிறவாமற்போன குழந்தைகளும் அந்த எண்ணுக்குள் அடக்கம். மேற்கே மலைநாட்டில் பாதிப்பு குறைவு. கிழக்கு மைதான மாவட்டங்களே பேரழிவைச் சுமந்தன. ஒற்றை விழுக்காடு இந்த வேறுபாட்டையும் விழுங்கிவிடுகிறது.

1891-இல் மைசூரின் மக்கள்தொகை 49,43,604. பத்தாண்டு உயர்வு 18.09 விழுக்காடு. குறைந்தது 17.19, கூடியது 18.09, ஆகவே இழந்ததை மீட்டு, அதற்கு மேலும் சிறிது சேர்ந்துவிட்டது என்றே கண் படிக்கும். உண்மையில் 1871-ஐவிட 1891-இல் 1,11,808 பேர் குறைவு. இருபது ஆண்டுக் கணக்கில் இது 2.21 விழுக்காடு இறக்கம். காரணம் எளியது. 1871-இன் ஒரு விழுக்காடு என்பது 50,554 மனிதர். 1881-இன் ஒரு விழுக்காடு 41,862 மனிதர் மட்டுமே. இழப்பு பெரிய அளவுகோலாலும் மீட்சி சிறிய அளவுகோலாலும் அளக்கப்பட்டன. பழைய நிலைக்கு மீள 18.09 போதாது, 20.76 வேண்டும்.

இவ்விரு விழுக்காடுகளையும் ஒரு நெடுவரிசையில் வைத்து விரிதாளின் சராசரிச் சூத்திரத்தை ஓட்டினால், பத்தாண்டுக்கு 0.45 விழுக்காடு வளர்ச்சி என்று அது சொல்லும். அந்த 1,11,808 பேரும் ஒரு சூத்திரத்தில் மறைந்துபோவார்கள். மாவட்ட வரலாறு எழுதும் மாணவர்கள் பத்தாண்டு விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதை இன்றும் காண்கிறேன். விழுக்காட்டு மாற்றங்களைக் கூட்டலாகாது, பெருக்க வேண்டும். 0.8281-ஐ 1.1809-ஆல் பெருக்கினால் 0.978 வரும், அதுவே மெய்.

இதில் ஓர் அரசியலும் உண்டு. 1881 கணக்கெடுப்பு முடிந்து ஐந்து வாரங்களில், மார்ச் 25 அன்று, ஆட்சி உடையார் குடும்பத்தின் பத்தாம் சாமராசேந்திரரிடம் திருப்பி அளிக்கப்பட்டது. செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து சென்ற ரங்காசார்லு திவானானார். 1883-இல் அவர் மறைந்தபின் சேஷாத்ரி ஐயர். ஆக, 17.19 முழுவதும் ஆணையர் ஆட்சியின் கணக்கிலும், 18.09 ஏறக்குறைய முழுவதும் திவான்களின் கணக்கிலும் விழுகின்றன. திவான்களின் நிர்வாகத் திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பஞ்சம் முதலில் கொண்டுசெல்வது சிறு குழந்தைகளையும் முதியவர்களையும். தப்பிப் பிழைத்தோரில் மகப்பேற்று வயதினரின் பங்கு மிகுதி. ஒத்திப்போடப்பட்ட திருமணங்கள் நடக்கின்றன, பிறப்பு பெருகுகிறது, வெளியேறியவர்கள் திரும்புகிறார்கள். பஞ்சத்துக்குப் பிந்திய பத்தாண்டு எந்த ஆட்சியிலும் ஓங்கியே தெரியும். பள்ளத்தின் அடியிலிருந்து அளக்கத் தொடங்கினால் எந்த மேடும் மலையாகும்.

1901-இல் தொகை 55,39,399. அப்பத்தாண்டின் உயர்வு 12.05 விழுக்காடு, முந்தைய 18.09-உடன் ஒப்பிட்டால் தளர்ச்சி போலத் தோன்றும். மைசூர் தன் 1871-ஆம் ஆண்டுத் தொகையைக் கடந்ததோ இந்தத் 'தளர்ந்த' பத்தாண்டில்தான். ஆண்டுதோறும் சீரான வேகம் என்று கொண்டால் 1893 தொடக்கத்தில் அது நிகழ்ந்திருக்கும். 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்கை எண்ணினால், பத்தாண்டின் முற்பாதியில் வேகம் கூடுதலாக இருந்து, அந்நாள் இன்னும் சற்று முன்னரே வந்திருக்கக்கூடும்.