பனமலைத் தேவியும் தஞ்சைக் கல்வெட்டும்: ஒரு படம் எவ்வளவு பெரிதாகலாம்?

விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்துக்கு அருகில் உள்ளது பனமலை. அங்கே இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் சிறு சன்னதி ஒன்றில், எட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. குடைநிழலில் ஒரு காலை மடித்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள் தேவி. அவள் கண்டு மகிழும் சிவனின் ஆடலோ பெரும்பாலும் சுவரைவிட்டு உதிர்ந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் தேவியின் சிறு படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட ஆசைப்படும் அன்பர்கள் பலர். அது இயலுமா?

640 x 480 பிக்சல் கொண்ட படத்தை, நூல்களில் வழங்கும் அளவான அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், அகலம் 2 அங்குலத்தைச் சற்றே தாண்டும். தீப்பெட்டி அளவுதான். மென்பொருளில் 300 என்ற எண்ணை 72 என மாற்றினால் தாள் பெரிதாகும். புதிதாக ஒரு கோடும் பிறக்காது. திண்டிவனம் சாலையோரத்து விளம்பரத் தட்டிகள் சொரசொரப்பாக அச்சிடப்பட்டும் நன்றாகத் தெரிவதற்குக் காரணம், அவற்றை நாம் தொலைவிலிருந்து பார்ப்பதே. ஓவியத்தையோ எழுத்தையோ ஆராய்பவர் கிட்டே செல்வார். அங்கே இந்தச் சலுகை இல்லை.

இச்சிக்கலை 1858லேயே ஒருவர் நேர்கொண்டார். சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றிப் படமெடுத்தவர். மெழுகூட்டிய காகித நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து வெயிலில் பதிப்பது அவர் முறை. ஆகவே நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எட்ட நின்று ஒரே படத்தில் அடக்கியிருந்தால், எழுத்துகள் எறும்பு வரிசையாகியிருக்கும். டிரைப் நெருங்கிச் சென்றார். துண்டுதுண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி! அதே நீளத்தை இன்று 300 புள்ளி வீதம் அச்சிட 68,400 பிக்சல் அகலம் வேண்டும். கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அன்று குழப்பம் நிலவியது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஹுல்ஷ் பொறுப்பேற்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. அவர் மரபினர் கையாண்ட மைப்படியும் கல்லோடு தாளை ஒற்றி எடுப்பதுதான். ஓர் அங்குலக் கல்லுக்கு ஓர் அங்குலத் தாள். டிரைப்பின் பணியை அரசு வீண்செலவாகக் கருதி 1859லேயே முடக்கத் தொடங்கிற்று என்பது வேறு கதை.

எனவே பனமலையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்பதன்று, ‘சுவரின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்?’ என்பதே. 4000 x 3000 பிக்சல் தரும் 12 மெகாபிக்சல் கேமரா, அங்குலத்துக்கு 300 வீதம் சுவரில் 13 அங்குல அகலத்தையே பதியும். ஐந்தடி அகலச் சுவருக்கு 18,000 பிக்சல் வேண்டும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒரு வரிசைக்கு ஆறு படமாவது எடுக்க வேண்டும். ஆக, டிரைப் செய்ததையேதான் நாமும் செய்கிறோம். அவருக்கு வெயில் பதித்துக் கொடுத்தது. நமக்குக் கணினி ஒட்டித் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. குவியம் தவறினாலோ கை நடுங்கினாலோ இந்தக் கணக்கெல்லாம் பொய். மங்கலைத்தான் நுணுக்கமாகப் பதிந்திருப்போம். முக்காலி அவசியம், அனுமதியும் முன்னதாகப் பெற வேண்டும். பிளாஷ் வேண்டாம். சுவரைத் தொடாமல் அருகில் ஓர் அளவுகோலைப் பிடித்து ஒரு படமாவது எடுத்துக்கொள்வது நலம். மின்னஞ்சலுக்காகச் சுருக்கிய பிரதியை அனுப்புங்கள். சுருக்காத மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள். சுண்ணச்சாந்தின் எந்தத் துணுக்கு அடுத்த மழைக்காலத்தில் உதிரும் என்று யாரறிவார்?