எலிக்கருவில் ஒரு பழைய வழக்கு

1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழுவும் பிலடெல்பியாவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் தனித்தனியே எலி முட்டைகளில் உட்கருவை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு உட்கருவும் தாய்வழியாக இருந்தபோது கரு ஓரளவு தேறியது, நஞ்சுக்கொடி சவலையாக நின்றது. இரண்டும் தந்தைவழியானபோது நஞ்சுக்கொடித் திசு கொழித்தது, கரு தேறவில்லை. குரோமோசோம் எண்ணிக்கையில் குறையே இல்லாதிருந்தும் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. சில மரபணுக்கள் யார்வழி வந்தவை என்ற முத்திரையோடு வருகின்றன. அதைப் பொறுத்தே ஒரு பிரதி பேசுகிறது, மற்றது வாயடைத்துக் கிடக்கிறது. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பதுதான் இரட்டைப் பிரதியின் லாபம். அதைத் துறக்கும் ஏற்பாடு சும்மா நிலைத்திருக்காது.

பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹேக் சொன்ன காரணமே எனக்கு வலுவாகப் படுகிறது. அடுத்தடுத்த ஈற்றுக்கும் உடம்பில் மிச்சம் வைக்க வேண்டியவள் தாய்; அந்த ஈற்றுகளுக்குத் தகப்பன் வேறாக இருக்கலாம். ஆகவே தந்தைவழி மரபணுவுக்கு இந்தக் குட்டி இப்போதே அதிகம் உறிஞ்சுவது ஆதாயம். 1991இல் கிடைத்த சான்றுகள் இதற்கு அச்சாகப் பொருந்தின. கருவை வளர்க்கும் ஐஜிஎஃப்2 மரபணு எலியில் தந்தைவழிப் பிரதியிலிருந்து இயங்குகிறது. அது பழுதானால் குட்டி இயல்பான எடையில் 60 சதவீதத்தோடு பிறக்கிறது. அந்த வளர்ச்சிப் பொருளைப் பிடித்து அழிக்கும் ஐஜிஎஃப்2ஆர் தாய்வழியில் இயங்குகிறது. முட்டையிடும் பிளாட்டிபஸிடம் இந்த இரண்டுக்கும் முத்திரை இல்லை. சில நாளே நஞ்சுக்கொடியை நம்பும் பைப்பாலூட்டியான ஒபோசத்திடம் உண்டு. முட்டையிடுவோர் கிளை பிரிந்த பின், பைப்பாலூட்டிகள் பிரியுமுன் இந்த ஏற்பாடு வேரூன்றியிருக்க வேண்டும்.

டெனிஸ் பார்லோ 1993இல் வேறு வழி காட்டினார்: டிஎன்ஏவுக்குள் புகுந்த அன்னியத் துண்டுகளை அடக்க எழுந்த மெத்தில் பூட்டுதான் முத்திரையின் மூலம் என்றார். இதைத் தள்ளிவிட முடியாது. நஞ்சுக்கொடிக்கு இன்றியமையாத பெக்10 மரபணு அப்படித் தாவி வந்த துண்டிலிருந்து பிறந்ததே. பிளாட்டிபஸிடம் அது இல்லை. ஆனால் பூட்டு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இது சொல்கிறது. வளர்ச்சியைத் தூண்டுவது தந்தை பக்கமும் தடுப்பது தாய் பக்கமும் ஏன் சாய்ந்தன என்பதற்கு இதில் விடை இல்லை. ஹேக்கை உண்மையில் உறுத்துவது மனிதர்தான். நம்மில் பெரும்பாலோரிடம் ஐஜிஎஃப்2ஆரின் இரண்டு பிரதிகளும் இயங்குகின்றன, தடுப்புப் பக்கம் முத்திரை கழன்றுவிட்டது. ஐஜிஎஃப்2வின் முத்திரை மட்டும் விடவில்லை: தாய்வழிப் பிரதியும் விழித்துக்கொண்டால் குழந்தை அளவுமீறிப் பருத்து, பெருத்த நாக்கோடு பிறக்கலாம், பெக்வித்-வீடமன் நோய்க்குறித் தொகுப்பின் காரணங்களில் அதுவும் ஒன்று.