செட்டி: ஒரு சொல்லின் இரு வரவுகள்

காரைக்குடியில் ‘செட்டியார்’ என்பது மதிப்புடன் விளிக்கும் பெயர். இதன் அடிச்சொல்லாகிய ‘செட்டி’, சிக்கனத்தைக் குறிக்கும் ‘செட்டு’ என்பதிலிருந்து பிறந்தது என்பாருண்டு. இக்கட்டுரை அதனை ஏற்கவில்லை.

வடமொழிச் ‘சிரேஷ்ட’ என்பதற்கு மிகச் சிறந்தது என்பது பொருள். அதன் வழிவந்த ‘சிரேஷ்டின்’ பாலியில் ‘சேட்டி’ ஆகி, நகரத்துப் பெருவணிகரைக் குறித்தது. புத்தரின் புரவலரான அனாதபிண்டிகர் சாவத்தி நகரத்துச் சேட்டியே. தமிழில் இச்சொல் இருமுறை நுழைந்ததாகத் தோன்றுகிறது. அரசர் வணிகர்க்கு வழங்கிய ‘எட்டி’ என்னும் பட்டம் முந்தையது. சபை ‘அவை’யாகவும், சமணர் ‘அமணர்’ ஆகவும் முதல் மெய் கெட்டமை போன்றதே இது. சகரம் கெடாத ‘செட்டி’ பிந்தையது. சிக்கனத்தை மூலமாகக் கொண்டால் ‘எட்டி’க்கு விளக்கமில்லை, ‘செட்டு’ என்பதே செட்டியின் தொழிலிலிருந்து கிளைத்திருக்கலாம். வணிகம் இச்சொல்லின் நிலையான பொருளும் அன்று: துளுநாட்டில் ‘ஷெட்டி’ என்பது நிலவுடைமையாளராகிய பண்டர்களின் பெயரொட்டு.

அயல்மொழிகளிலும் இவ்விரட்டை வரவு உண்டு. சிங்களத்தில் பாலி வழிவந்த ‘சிட்டு’ பெருஞ்செல்வர். தமிழ் வழிவந்த ‘ஹெட்டி’ தமிழ் வணிகர். கொழும்புச் செட்டியார் தெரு சிங்களத்தில் ‘ஹெட்டி வீதிய’. பர்மியத்தில் பாலி வழியான ‘தூட்டே’ செல்வந்தர். தமிழிலிருந்து பெற்ற ‘சிட்டீ’ செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்.

பர்மாவில் இவ்விரு சொற்களும் மதிப்பில் எதிரெதிராய் நின்றமைக்குக் காரணம் மொழியியலில் இல்லை. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் வசமிருந்த விளைநிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938-இல் அது 25. நெல்விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, அடகு நிலங்கள் கைமாறின. பெரும்பாலோர் நிலம் தேடிச் சென்றவரல்லர். வட்டித் தொழிலுக்கு நிலம் முடங்கிய முதலே. ஆயினும் நிலமிழந்த உழவர் வாயில் ‘சிட்டீ’ வசைச்சொல்லாயிற்று. ‘தூட்டே’ அப்பழி படாமல் தப்பியது.

இச்சமூகத்தார் தமக்கு இட்டுக்கொண்ட பெயரோ ‘நகரத்தார்’. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்பது வணிகர் அவை.