அனனியா: ஒரு பெயரும் அதனைத் தாங்கியோரும்

'யாவே கிருபை கூர்ந்தார்' என்பதே அனனியா எனும் எபிரெயப் பெயரின் பொருள். யோவான் என்பதிலோ அதே இரு கூறுகள் முறைமாறி நிற்கின்றன. நெகேமியா 7:2 காட்டும் அரண்மனைத் தலைவன் தேவபயமுள்ளவன். தானியேலின் தோழனோ, சாத்ராக் எனப் பெயர் மாற்றப்பட்டும் விசுவாசத்தில் மாறாதவன். ஆயினும், சிதேக்கியாவின் 4ஆம் ஆண்டில் (கி.மு. 594/593), ஈராண்டுக்குள் விடுதலை என முழங்கி எரேமியாவின் நுகத்தை முறித்த கிபியோன் ஊரானும் அனனியாவே. எபிரெய மூலம் அவனையும் 'தீர்க்கதரிசி' என்றே அழைக்கிறது. கிரேக்கச் செப்துவஜிந்தே 'கள்ளத் தீர்க்கதரிசி' என வேறுபடுத்திற்று. ஆலயத்தில் அன்று கேட்டுநின்றோர்க்கு அத்துணை இல்லை. பெயரும் பட்டமும் அவர்களுக்கு உண்மையைக் காட்டவில்லை. நியாயத்தீர்ப்பை விலக்கிக் கிருபையை மட்டும் பேசியவன் அவ்வாண்டே மாண்டான். பிரசங்கபீடம் ஏறும் நாமும் இதனை நினைவிற்கொள்வோமாக: கிருபை எனும் சொல் நாவிலிருப்பதனாலேயே நம் செய்தி தேவனுடையதாகிவிடாது.