டெக்கீலாவும் மெஸ்கலும்

2007 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து மதுச்சாலையொன்றிலே பில் வார்ட் என்பவர் கலந்த 'வஹாக்கா ஓல்ட் பாஷன்ட்' என்னும் பானத்தை இன்று பலர் இல்லத்திலேயே கலக்கின்றனர். டெக்கீலா மூன்று பங்கு, மெஸ்கல் ஒரு பங்கு, அகேவ்ப் பாகு ஒரு சிறு கரண்டி, அங்கொஸ்துரா என்னும் கசப்புச் சாரம் இரண்டொரு துளி. பனிக்கட்டியுடன் கிளறினாற் போதும். அக்கசப்போ, 1824 இல் வெனிசுவேலாவிலே சீகெர்ட் என்னும் ஜெர்மானிய வைத்தியர் வயிற்றுக் கோளாறுக்கென ஆக்கிய மருந்து.

ஆயினும், இக்கிண்ணத்திலே கூடும் இரு மதுக்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. கற்றாழையை ஒத்த அகேவ்ச் செடியின் பருத்த அடியிலிருந்து மெக்சிக்கோ மக்கள் வடித்தது மெஸ்கல். டெக்கீலா என்னும் ஊரில் வடித்த மெஸ்கல் நாளடைவில் ஊரின் பெயரையே பெற்றது. அவ்வூரார் பின்னர் அதனை நீராவியில் அவிக்கத் தலைப்பட்டனர், புகைமணம் நீங்கிற்று. வஹாக்கா நாட்டுப்புறத்தாரோ, குழியிலே சுடுகற்களின்மேல் அடுக்கி, மண்ணால் மூடிச் சுடும் பழைய முறையைக் கைவிட்டாரல்லர்.

1974 இல் டெக்கீலாவுக்கும் 1994 இல் மெஸ்கலுக்கும் மெக்சிக்கோ அரசு பெயர்க்காப்பு அளித்து எல்லை வகுத்தது. போலிகளைத் தடுக்க அது வேண்டியதே. ஆனால், எல்லைக்கு அப்பால் தலைமுறை தலைமுறையாக மெஸ்கல் வடித்து வந்த குடியானவர், தம் பாட்டன் வழங்கிய பெயரைப் போத்தலிலே பொறிக்கும் உரிமையை இழந்தனர். அவர்கள் விற்பது இன்று 'அகேவ் வடிமது' மாத்திரமே.